புதிதாக வடிவமைப்புக்கு வந்தவர் எதைப் பார்ப்பது, எதைப் பழகுவது?

வெண்தாள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் திருநெல்வேலியில் வணிகவியல் பட்டம் முடித்துவிட்டு, சில மாதங்களாக ஒரு டிஜிட்டல் அச்சகத்தில் வடிவமைப்பாளராக வேலை பார்த்து வருகிறேன். திருமண அழைப்பிதழ், கடைத் திறப்பு விழாத் துண்டறிக்கை, பள்ளி ஆண்டு விழா பிளெக்ஸ், விசிட்டிங் கார்டு ஆகியவைதாம் எங்களுக்கு அதிகம் வருகின்றன. கோரல்டிராவும் போட்டோஷாப்பும் ஓரளவு கைவந்துவிட்டன. என் சிக்கல் வேறு.

வேலை வந்தவுடன் பின்டரெஸ்ட்டைத் திறந்து வெகுநேரம் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லாமே அழகாகத் தெரிகின்றன. ஆனால் அதை மூடிவிட்டு வெற்றுப் பக்கத்துக்கு வந்தால், பார்த்தவற்றுள் ஒன்றைச் சற்றே மாற்றிச் செய்வதைத் தவிர வேறெதுவும் தோன்றுவதில்லை. அங்கே ஆங்கிலத்தில் கம்பீரமாக நின்ற அதே அமைப்பில் தமிழ் எழுத்தை வைத்தவுடன் அது குலைந்தும் போகிறது. வடிவமைப்புக் கல்லூரியில் சேர்ந்து படிக்க வீட்டுச் சூழ்நிலை இடம் தராது. என்னைப் போன்றவர்கள் ஊக்கத்துக்கு எதைப் பார்க்க வேண்டும், எந்தப் பழக்கங்களைத் தொடக்கத்திலேயே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்று மூத்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மைக்கூடு எழுதியது:

நண்பரே, நான் சென்னையில் நூல் அட்டைகளும் சிற்றிதழ்ப் பக்கங்களும் வடிவமைத்து வருகிறேன். நீங்கள் பார்ப்பதில் குறையில்லை, பார்க்கும் நேரம்தான் முன்னதாக வந்துவிடுகிறது. வேலையைப் பற்றி நீங்களே ஒரு முடிவுக்கு வருமுன் மற்றவர்களுடைய முடிவுகளைப் பார்த்தால், மனம் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஓய்ந்துவிடுகிறது. எனவே கணினியைத் தொடுவதற்கு முன்பு ஒரு தாளில் நான்கைந்து வரிகள் எழுதுங்கள். இதை யார் பார்ப்பார், எவ்வளவு தொலைவிலிருந்து, எத்தனை நொடி பார்ப்பார், பார்த்தபின் அவர் நினைவில் நிற்க வேண்டியது பெயரா, நாளா, இடமா? பள்ளி ஆண்டு விழா பிளெக்ஸைப் பேருந்தில் போகிறவர் பார்க்கிறார். அதே விழாவின் அழைப்பிதழை ஒருவர் கையில் பிடித்து, தம் பெயர் சரியாக அச்சாகியிருக்கிறதா என்று தேடிப் பார்க்கிறார். இந்த இரண்டுக்கும் ஒரே அமைப்பைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் கொடுப்பது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. (பிளெக்ஸில் இடம்பெறும் முகங்களின் எண்ணிக்கையைக் குறைக்க மட்டும் முயல வேண்டாம். அது வாடிக்கையாளர் குடும்பத்தின் உரிமை.)

கட்டுப்பாடுகள் கற்பனையைக் கெடுத்துவிடும் என்று தொடக்கத்தில் தோன்றும். 2010 ஜூலையில் நடுவண் அரசு ஏற்றுக்கொண்ட ரூபாய்க் குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதை வரைந்த உதயகுமார் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர், மும்பை ஐ.ஐ.டி.யில் வடிவமைப்புப் படித்தவர். கையால் எழுத எளிதாகவும், எண்களுக்குப் பக்கத்தில் சிறிய அளவில் நின்றாலும் தெளிவாகவும், இந்தியாவுக்கு உரியதாகவும் இருக்க வேண்டும் என்னும் நெருக்கடிகளுக்குள்தான் ஒரு நாணயக் குறியீடு பிறக்க முடியும். தேவநாகரி ‘ர’ எழுத்தும், செங்குத்துக் கோடு நீக்கப்பட்ட ரோமன் ‘ஆர்’ எழுத்தும் ஏறக்குறைய ஒரே உருவத்தில் சந்திக்கும் இடத்தை அவர் கண்டுகொண்டதும், மேலே இணையாக இரு கோடுகளை ஓடவிட்டதும் அந்த நெருக்கடிகளின் விளைவே.

இனி, எதைப் பார்ப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். திருநெல்வேலியில் இருந்துகொண்டு நீங்கள் தொலைதூரம் தேட வேண்டியதில்லை. நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரையும் ஓவியராகக் கோவில்பட்டிக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள், சிவகாசியில் நாட்காட்டிகளாக அச்சாகி எண்ணற்ற வீட்டுச் சுவர்களுக்குப் போயின. அவற்றைப் பக்தியோடு பார்த்திருப்பீர்கள். ஒருமுறை தொழிலாகப் பாருங்கள்: முகம் எந்த உயரத்தில் இருக்கிறது, கடையின் பெயருக்கும் நாள்தாளுக்கும் எவ்வளவு இடம் விடப்பட்டிருக்கிறது, பின்னணி நிறம் உருவத்தை எப்படி முன்னே தள்ளுகிறது என்று கவனியுங்கள். பழைய தீப்பெட்டிப் படங்களும் அப்படியே. விரல் நீளமே உள்ள பரப்பில், மிகச் சில நிறங்களில், எழுதப் படிக்கத் தெரியாதவரும் ‘அந்தப் படம் போட்ட பெட்டி’ என்று கேட்டு வாங்கும்படி செய்திருக்கிறார்கள். சின்னம் வடிவமைப்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை.

சென்னைக்கு வரும்போது தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பை அடிப்படையாகக் கொண்டு 1994இல் உருவான அந்த நூலகத்தில் பழைய நூல்கள், இதழ்கள், நாடக விளம்பரங்கள், திரைப்படப் பாட்டுப் புத்தகங்கள் எல்லாம் உள்ளன. வர இயலாவிட்டால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களின் தலைப்புப் பக்கங்களை வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஓவியர் கே. எம். ஆதிமூலம் (1938–2008) தூரிகையால் எழுதிய தலைப்பெழுத்துகளைத் தேடிப் பாருங்கள். காந்தியைக் கோட்டோவியங்களாக வரைந்து தள்ளிய அந்தக் கை எழுத்தையும் ஓர் உருவமாகவே கண்டிருக்கிறது. தூரிகை எங்கே அழுந்தியது, எங்கே மை காய்ந்து தாள் தெரிந்தது என்பது அந்த எழுத்துகளில் அப்படியே இருக்கும்.

பார்ப்பதற்கும் ஒரு முறை வேண்டும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு அச்சுப் பொருள் போதும். அதைப் பென்சிலால் சிறிய கட்டமாக வரைந்து, எது முதலில் கண்ணில் பட்டது, ஏன் பட்டது என்று பக்கத்தில் எழுதி வையுங்கள். சேமித்து வைத்த நூற்றுக்கணக்கான படங்களைவிட இப்படி எழுதிய ஒரு குறிப்பேடு உங்களுக்கு அதிகம் பயன்படும்.

மறுதோன்றி எழுதியது:

நான் சிவகாசியில் ஆப்செட் அச்சகத்தில் கோப்புகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஊக்கம் பற்றி மைக்கூடு விரிவாகச் சொல்லிவிட்டார். எங்களிடம் வரும் கோப்புகளைப் பார்த்தால், புதியவர்களுக்கு உடனடியாக வேண்டியது அதுவன்று என்று எனக்குத் தோன்றுகிறது.

நான்கு பக்கமும் 3 மி.மீ. பிளீட் (வெட்டும் கோட்டுக்கு வெளியேயும் நீளும் கூடுதல் பரப்பு) விடுவதையும், படங்கள் அச்சாகும் அளவிலேயே 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கான புள்ளிகள்) இருக்கின்றனவா என்று பார்ப்பதையும், தொடக்கத்திலேயே சிஎம்ஒய்கே-யில் (அச்சின் நான்கு மை நிறங்களில்) வேலை செய்வதையும் யோசிக்காமலே செய்யும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். திரையில் ஒளிரும் நீலமும் பச்சையும் தாளில் மங்கித்தான் விழும். அதை அச்சானபின் வாடிக்கையாளர் கண்டுபிடிப்பதைவிட முன்பே நீங்கள் சொல்லிவிடுவது நல்லது. சிறிய எழுத்துகளை நான்கு நிறம் கலந்த கறுப்பில் வைக்காதீர்கள், கறுப்பு மை மட்டும் நூறு விழுக்காடு என்று வையுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு நிறத்துக்குமான அச்சுத் தகடுகள், அதாவது பிளேட்டுகள், இம்மியளவு விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் நிறம் கசியும். அடர்ந்த நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைக்கும்போது, தமிழில் முதலில் அடைபட்டுப் போவது மெய்யெழுத்தின் புள்ளிதான். அதனால் அளவையும் தடிமனையும் சற்றுக் கூட்டியே வையுங்கள்.

கோப்புக்குப் பெயரிடும் ஒழுங்கும் வேண்டும். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘கடைசி ஃபைனல்’ என்று மூன்று கோப்புகள் ஒரே மின்னஞ்சலில் வந்தால் எதை பிளேட் போடுவது? வாடிக்கையாளர் பெயர், வேலை, நாள், திருத்த எண் என்று ஒரே வரிசையில் பெயரிடுங்கள். அழைப்பிதழின் மெய்ப்பை (திருத்தம் பார்க்கும் படியை) வாடிக்கையாளர் குடும்பத்தில் குறைந்தது இருவரைப் படிக்கச் சொல்லி, சரி என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே அச்சுக்கு விடுங்கள்.

ஒற்றெழுத்து எழுதியது:

தமிழ் வைத்தவுடன் அமைப்பு குலைகிறது என்று வெண்தாள் எழுதியதை இருவரும் தொடாமல் விட்டுவிட்டார்கள். என் பார்வையில் கேள்வியின் மையமே அதுதான்.

ஆங்கில அமைப்புகள் பலவற்றின் அழகு பெரிய எழுத்துகளை இடைவெளி விட்டுப் பரப்புவதில் இருக்கிறது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடு இல்லை. எழுத்துகளுக்கிடையே வெளியைக் கூட்டினாலோ ‘கொ’ என்பதில் கொம்பும் காலும் ககரத்தை விட்டுத் தனித்தனியே நிற்கும். கி, கீ மேலே ஏறும், கு, று கீழே இறங்கும், புள்ளி தலைக்கு மேல் நிற்கும். ஆகவே ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளி தமிழுக்கு மூச்சு முட்டும். ஒரே செய்தி தமிழில் அகலமும் கூடுதலாகக் கேட்கும், ‘பூப்புனித நீராட்டு விழா’வை எந்தக் குறுகிய பத்தியில் அடைப்பீர்கள்? சாய்வெழுத்து நம் மரபில் இல்லாததால் பெரும்பாலான எழுத்துருக்களில் அது வரையப்படுவதில்லை. மென்பொருள் வலிந்து சாய்ப்பதைப் பயன்படுத்தாதீர்கள். அளவு, தடிமன், நிறம், சுற்றியுள்ள வெற்றிடம் ஆகிய நான்கையும் கொண்டே முதன்மையானதையும் துணையானதையும் பிரித்துக் காட்டப் பழகுங்கள்.

இதற்குப் பல தடிமன்கள் உள்ள எழுத்துரு ஒன்றைத் தேர்ந்துகொண்டு, சில மாதங்கள் அதை மட்டுமே பயன்படுத்துவது நல்ல பயிற்சி. கேட்டமரான், முக்தா மலர், அனெக் தமிழ் ஆகியவை கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கின்றன; உரிமம் வணிக அச்சுக்கும் இடம் தருகிறது. பழைய அச்சுகளைப் பார்த்துப் பழகும்போது ஓர் எச்சரிக்கை: 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னை, ளை ஆகியவற்றின், யானைத் துதிக்கைபோல் வளைந்த வடிவங்கள் அழகாகத்தான் இருக்கும், ஆனால் காரணமில்லாமல் அவற்றை இன்றைய துண்டறிக்கையில் நுழைத்தால் இளையவர்கள் படிக்கத் தடுமாறுவார்கள்.

மைக்கூடு சொன்னதில் ஒன்றை மறுக்கிறேன். பார்த்துச் செய்வது தவறன்று. சிற்பக் கூடத்திலும் சங்கீதத்திலும் குருவின் வேலையை அப்படியே திரும்பச் செய்துதான் கற்கிறார்கள். ஒரு நல்ல சுவரொட்டியை அளவு மாறாமல் அப்படியே செய்து பாருங்கள். செய்ததை உங்கள் வேலையென்று வெளியிடாமல் அழித்துவிடுங்கள். அயலில் பார்க்க வேண்டுமானால், சுவிஸ் வடிவமைப்பாளர் யோசப் முல்லர்-ப்ரோக்மன் 1950களில் தொடங்கி சூரிச்சின் டோன்ஹாலே இசையரங்குக்குச் செய்த சுவரொட்டிகளைப் பாருங்கள். ஒரே வாடிக்கையாளர், ஒவ்வொரு முறையும் நாள், நேரம், கலைஞர் பெயர் என்ற அதே செய்தி. ஆயினும் பக்கத்தைப் பிரிக்கும் கட்டத்தின் (கிரிட்) ஒழுங்கை விடாமல் ஒவ்வொன்றும் வேறாக நிற்கும். நம் சபா நிகழ்ச்சி நிரலும் கோயில் கொடை அழைப்பிதழும் அதே வகைச் சிக்கல்தான்.

வெண்தாள் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. இரண்டு ஐயங்கள் உள்ளன. எங்கள் கடையில் ஒரு வேலைக்கு அரை மணி நேரம் கிடைத்தாலே அதிகம். வாடிக்கையாளர் பக்கத்தில் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பார். அவர் முன்னால் தாளில் எழுதிக்கொண்டிருந்தால் முதலாளி கேள்வி கேட்பார். மேலும் கடையில் உள்ளவை அனைத்தும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள். யூனிகோட் (இன்று எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) எழுத்தை போட்டோஷாப்பில் ஒட்டினால் கொம்பு இடம் மாறி விழுகிறது. என்ன செய்வது?

மைக்கூடு எழுதியது:

ஒற்றெழுத்தின் மறுப்பை ஏற்கிறேன். அழித்துவிட வேண்டும் என்ற நிபந்தனை அதில் முக்கியமானது.

வாடிக்கையாளர் பக்கத்தில் அமர்ந்திருப்பது ஒரு வகையில் வசதிதான். எழுத வேண்டிய கேள்விகளை அவரிடமே வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்: “பார்க்கிறவங்க கண்ணுல முதல்ல எது படணும், சார்?” என்ற ஒன்று போதும். பதிலை வேலைச் சீட்டின் பின்புறம் குறித்துக்கொண்டால் முதலாளிக்கும் அது ஆர்டர் எடுக்கும் முறையாகவே தெரியும். கடை வேலையில் புதுமைக்கு நேரம் கிடைக்காது என்பதை ஒப்புக்கொண்டு, வாரத்துக்கு ஒரு வேலையை வீட்டில் உங்களுக்காக மீண்டும் செய்யுங்கள். கடையில் அரை மணியில் முடித்த அதே துண்டறிக்கையை, அதே வாசகங்களுடன், இரண்டு நிறங்களில் மட்டும் செய்து பார்ப்பது நல்ல தொடக்கம். பிறகு வேலை தேடும்போது காட்டுவதற்கும் முன்னும் பின்னுமாக இரண்டு வடிவங்கள் கையில் இருக்கும். வாடிக்கையாளர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மாற்றிவிட்டுக் காட்டுங்கள்.

எழுத்துரு விஷயத்தில், போட்டோஷாப்பின் முந்தைய பதிப்புகளில் விருப்பத் தேர்வுகளின் ‘டைப்’ பகுதிக்குச் சென்று உரை எந்திரத்தை (எழுத்துகளை அடுக்கும் முறையை) ‘வேர்ல்டு ரெடி’ என்று மாற்றினால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். இன்னும் பழைய பதிப்புகளில் அது ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்’ என்ற பெயரில் இருக்கும். ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் கோப்பில் மாற்றம் தெரியாவிட்டால் புதிய கோப்பு ஒன்றில் சோதித்துப் பாருங்கள். கடையின் பழைய பாமினி கோப்புகளை இணையத்தில் கிடைக்கும் மாற்றிகளால் யூனிகோடுக்குக் கொண்டுவரலாம். மாற்றிய பிறகு ஒருமுறை முழுவதும் படித்துப் பாருங்கள், குறிப்பாகக் கிரந்த எழுத்துகளையும் எண்களையும்.