தே மைட் பி ஜயண்ட்ஸ் குழு வளர்ந்த விதம்

கேள்வி:
1982-இல் நியூயார்க்கில் ஜான் ஃப்ளான்ஸ்பர்க், ஜான் லின்னல் என்ற இருவர் தொடங்கிய இந்த இசைக்குழு, தொடக்கத்தில் பெரிய இசை நிறுவனங்களின் துணையின்றி இத்தனை தீவிரமான ரசிகர்களை எப்படித் திரட்டியது? அறிந்தவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

பதில் 1:
தொலைபேசியால்தான், நண்பரே. வீட்டிலிருந்த, அழைப்புகளுக்குத் தானாகப் பதிலளிக்கும் கருவியின் ஒலிநாடாவில் ஒரு பாடலைப் பதிந்து வைத்து, அந்த எண்ணைச் செய்தித்தாளில் விளம்பரம் செய்தார்கள். அழைத்தவர் பாடலைக் கேட்டுவிட்டுத் தம் கருத்தையும் பதிந்துவைக்கலாம். ஒரே இணைப்பு என்பதால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் கேட்க முடியும். அந்தத் தனிமையே ரசிகரை நெருக்கமாக்கியது என்பது என் கணிப்பு.

பதில் 2:
தொலைபேசியை மட்டும் சொல்வது பாதி உண்மை. மேளக்காரர் இல்லாமல், அக்கார்டியன் (துருத்தி போல விரித்துச் சுருக்கி வாசிக்கும் இசைக்கருவி), கிட்டார், முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்த தாளம் ஆகியவற்றோடு மேடையேறிய துணிச்சலையும், கேலிபோலத் தொடங்கி மரணத்தையும் மனப்பிறழ்வையும் தொடும் வரிகளையும் மறந்துவிடக் கூடாது. 1990-இல் பிரிட்டனின் பாடல் தரவரிசையில் ஆறாம் இடம்வரை சென்ற அவர்களுடைய பாடலில் பேசுவது ஒரு குழந்தையின் அறையிலுள்ள இரவு விளக்கு! இப்படியொரு பாத்திரத்தை வேறு யார் யோசிப்பார்கள்?

பதில் 3:
ரசிகர்களைத் திரட்டியதோடு, இக்குழுவின் மரபு என்றால் குழந்தைகளுக்கான பாடல் தொகுப்புகளையே முதலில் சொல்வேன். எண்களைக் கற்பிக்கும் தொகுப்புக்கு 2009-இல் கிராமி விருது கிடைத்தது. குழந்தைகளுக்காகத் தரத்தைத் தாழ்த்தாததால், பெற்றோரும் அவற்றைச் சலிப்பின்றிக் கேட்கிறார்கள்.