தளத்தில் கிரிப்டோவாகப் பணம் வாங்கலாமா? வெளிநாட்டு வாடிக்கையாளர் வைத்திருக்கும் பெங்களூர்க்காரர்கள் சொல்லுங்கள்

கம்மனஹள்ளி_கோடர்
நாங்கள் மூணு பேர் சேர்ந்து ஆன்லைன் கடைகளுக்கான பிளக்கின் (கடைத் தளத்தில் கூடுதல் வசதி சேர்க்கும் மென்பொருள்) எழுதி விற்கிறோம். வாங்குபவர்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டுக்காரர்கள். நைஜீரியா, அர்ஜென்டினா ஆட்கள் “கார்டு போகமாட்டேங்குது, யுஎஸ்டிடி அனுப்பவா?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். யுஎஸ்டிடி என்பது டாலர் மதிப்பை ஒட்டியே இருக்கும் கிரிப்டோ. கிரிப்டோவில் கட்டும் பட்டனைத் தளத்தில் போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். ஒழுங்காகக் கணக்கு காட்டி வாங்குபவர் யாராவது உண்டா?

பிளாக்செயின்_தம்பி
தாராளமாகப் போடுங்க அண்ணே. பிட்காயினில் பணம் வாங்க பிடிசிபே சர்வர்னு ஒரு மென்பொருள் இருக்கு, இலவசம், வூகாமர்ஸ் ஆன்லைன் கடையில் அப்படியே சேரும். பணம் நேரா உங்க வாலட்டுக்கு வரும். முக்கியமான விஷயம் சார்ஜ்பேக். லைசென்ஸ் கீயை வாங்கிப் பயன்படுத்திட்டு, ரெண்டு மாசம் கழிச்சு “நான் வாங்கவே இல்லை”ன்னு கார்டு கம்பெனியில் புகார் கொடுத்தா பணமும் போச்சு, அபராதக் கட்டணமும் நம்ம தலையில. கிரிப்டோவில் அந்தப் பேச்சே இல்லை. ரிசர்வ் வங்கியின் 2018 சுற்றறிக்கையை 2020 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டே ரத்து பண்ணிடுச்சு. இன்னும் எதுக்குப் பயம்?

மல்லேஸ்வரம்_ஆடிட்டர்
தம்பி, அந்தத் தீர்ப்பு, கிரிப்டோ கம்பெனிகளுக்கு வங்கிகள் சேவை தரக்கூடாது என்ற உத்தரவை ரத்து செய்தது. கிரிப்டோவை அந்நியச் செலாவணி ஆக்கவில்லை. இவருக்கு இடி விழப்போவது அங்கேதான்.

மென்பொருள் ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி பூஜ்ஜியம். ஆனால் ஐஜிஎஸ்டி (ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி) சட்டப்படி, பணம் மாற்றத்தக்க அந்நியச் செலாவணியாக வரவேண்டும், அல்லது ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் இடங்களில் ரூபாயாக வரலாம். யுஎஸ்டிடி இரண்டிலும் சேராது. அப்புறம் “இது ஏற்றுமதியே இல்லை, 18 சதவீதம் கட்டு” என்று நோட்டீஸ் வந்தால் எதைக் காட்டுவீர்கள்? வாலட் ஸ்கிரீன்ஷாட்டையா? வங்கி வழியாக வந்தால், வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான உள்வரவுச் சான்றிதழ் கையில் இருக்கும். இதைத் தாண்டி ஃபெமா (அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம்) சிக்கல் தனி.

பிளாக்செயின்_தம்பி
அப்போ வருமான வரியாவது ஒழுங்கா கட்டிடலாமே மேடம், 30 சதவீதம்தானே?

மல்லேஸ்வரம்_ஆடிட்டர்
“தானே” இல்லை. ஒரு லட்சத்துக்கு பில் போட்டு அதைப் பிட்காயினாக வாங்குகிறீர்கள். அன்றைய மதிப்பில் ஒரு லட்சம் உங்கள் தொழில் வருமானம். விற்கும்போது 80 ஆயிரம்தான் கிடைத்தது என்றால், அந்த 20 ஆயிரம் நஷ்டத்தை எதிலும் கழிக்க முடியாது. இன்னொரு காயினில் வந்த லாபத்தில்கூட முடியாது. விலை ஏறினாலோ ஏறியதில் 30 சதவீதம், செஸ் தனி. உள்ளூர் வாடிக்கையாளர் கிரிப்டோவில் கொடுத்தால் ஒரு சதவீத டிடிஎஸ் கட்டப்பட்டதா என்று பார்க்கும் பொறுப்பும் விற்பவருக்கு வரும். வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐயில் கட்டினால் வணிகரிடம் எம்டிஆர் (பரிவர்த்தனைக் கட்டணம்) கிடையாது. உள்ளூரில் இது எதற்கு?

எஸ்பி_ரோடு_பார்ட்ஸ்
வரியை விடுங்க, நான் பட்டதைச் சொல்றேன். ஒரு வெளிநாட்டு ஆள் கொடுத்த யுஎஸ்டிடியை பி2பியில், அதாவது நேரடியா இன்னொரு ஆளுக்கு வித்து ரூபாய் ஆக்கினேன். வாங்கினவன் அனுப்பின காசு, வேற யாரையோ ஏமாத்திச் சேர்த்த காசாம். ஏமாந்த அந்த ஆள் 1930 சைபர் மோசடி உதவி எண்ணுக்கு போன் பண்ணிப் புகார் கொடுத்திருக்கார். வடக்கே ஒரு மாநில சைபர் போலீஸ் சொன்னாங்கன்னு என் கரண்ட் அக்கவுன்ட்டையே வங்கி முடக்கிடுச்சு. சம்பளம், கடை வாடகை எல்லாம் அதுக்குள்ளதான் இருந்துச்சு. நான் குற்றவாளி இல்லைன்னு நிரூபிக்க வக்கீல் வைக்க வேண்டியதாப் போச்சு.

பிளாக்செயின்_தம்பி
அது பி2பியின் கோளாறு அண்ணே. எஃப்ஐயூவில் (மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவு) பதிவான கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் வித்திருந்தா இந்தச் சிக்கல் வந்திருக்காது.

எஸ்பி_ரோடு_பார்ட்ஸ்
2024 ஜூலையில் நம்ம நாட்டு எக்ஸ்சேஞ்ச் வசீர்எக்ஸிலிருந்தே இருபத்து மூணு கோடி டாலருக்கு மேல திருடு போச்சே தம்பி! அதுல காசு வச்சிருந்தவங்க எத்தனை மாசம் காத்துக் கிடந்தாங்க?

கம்மனஹள்ளி_கோடர்
ரீஃபண்ட் பற்றி யாரும் சொல்லவில்லையே. எங்கள் தளத்தில் 14 நாள் ரீஃபண்ட் உண்டு. பிட்காயினில் வாங்கினால் எந்த நாள் விலைக்குத் திருப்பித் தருவது?

பிளாக்செயின்_தம்பி
பில் டாலரில் போடுங்க, ரீஃபண்டும் டாலர் மதிப்புக்குன்னு விதிமுறையில் எழுதிடுங்க. யுஎஸ்டிடி, யுஎஸ்டிசி மாதிரி டாலர் மதிப்போட கட்டின ஸ்டேபிள்காயினா இருந்தா பெருசா வித்தியாசம் வராது.

மல்லேஸ்வரம்_ஆடிட்டர்
2023 மார்ச்சில், யுஎஸ்டிசியின் கையிருப்பில் ஒரு பகுதி இருந்த அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி கவிழ்ந்தபோது யுஎஸ்டிசி 90 சென்டுக்குக் கீழே போய்த்தான் திரும்பியது. அந்த வார இறுதியில் ரீஃபண்ட் கேட்டிருந்தால்?

கோடர் சார், நான் சொல்வது இதுதான். வாடிக்கையாளர் தன் நாட்டிலேயே கிரிப்டோவை விற்று டாலராக்கி, தன் பெயரிலேயே வங்கி வழியாக அனுப்பட்டும். இன்வாய்ஸில் இருக்கும் பெயரும் அனுப்புபவர் பெயரும் ஒன்றாக இருந்தால் வங்கியில் கேள்வி குறையும்.

பிளாக்செயின்_தம்பி
மேடம், அவருக்கு அந்த வழி இருந்திருந்தா கிரிப்டோ அனுப்பவான்னே கேட்டிருக்க மாட்டார். 49 டாலர் பிளக்கினுக்கு வங்கி வழியா அனுப்பும் வயர் கட்டணமே அதில் பாதி ஆகும். சட்டம் இப்படி இருக்குங்கிறதை ஏத்துக்கிறேன். ஆனா இதனால நம்ம ஊர் சின்ன கம்பெனிங்க ஒரு கண்டத்துச் சந்தையையே விட்டுக்கொடுக்குது. வங்கிங்க மூலமாவே ஸ்டேபிள்காயினில் பணம் வாங்க ரிசர்வ் வங்கி ஒரு வழி திறக்கணும். அதுல நான் மாறமாட்டேன்.

கம்மனஹள்ளி_கோடர்
பட்டன் இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். ஆப்பிரிக்க மொபைல் பண வசதியை வாங்கிக்கொண்டு, இங்கே முறையாக டாலரில் செட்டில் செய்யும் பேமென்ட் கேட்வே (பணம் வாங்கித்தரும் சேவை) யாராவது பயன்படுத்துகிறீர்களா? கட்டணம் எவ்வளவு, சான்றிதழ் ஒழுங்காகத் தருகிறார்களா?