உமியும் பழைய கேனும்: ‘இயற்கைப் பலகை’ என்று சொல்லலாமா?

வரப்பு:
மறுசுழற்சி எச்டிபிஇ-யும் (கேன் செய்கிற பிளாஸ்டிக்) அரைத்த உமியும் பாதிக்குப் பாதி கலந்து, உருக்கி அச்சு வழியே இழுத்த பலகையை ‘இயற்கைப் பலகை’ என்று விற்கிறார்கள். உமி தனியாக இருந்தால் மக்கும், இல்லாவிட்டால் சூளைக்காவது போகும். கேன் தனியாக இருந்தால் உருக்கி மறுபடி கேனாக்கலாம். ரெண்டையும் பிணைத்துவிட்டால் ரெண்டுக்குமே வழி அடைபடுகிறது. இதில் பசுமை எங்கே?

திருகாணி:
பெயர் தப்பு, ஒத்துக்கிறேன். பொருள் தப்பில்லை. மழையிலும் வெயிலிலும் கிடக்கிற நடைமேடைக்கு மாற்று என்ன? மருந்தடித்த மரம், அல்லது தேக்கு. இந்தப் பலகையின் வெட்டுத்துண்டை அரைத்து மறுபடி பலகையாகவே இழுக்கலாம்.

100 கிலோவுக்கு என் கணக்கு: எச்டிபிஇ குருணை 42, உமித்தூள் 50, உமியைப் பிளாஸ்டிக்கோடு பிணைக்கும் இணைப்பானாக மேலிக் அன்ஹைட்ரைட் ஒட்டிய பாலிஎத்திலீன் 3, வழுக்கலுக்கு ஜிங்க் ஸ்டியரேட் 2, டால்க் 2, கார்பன் கருப்பு 1. உருக்கு வெப்பம் 170 முதல் 185 டிகிரி. 200-ஐத் தாண்டினால் உமி கருகும், வாடையே காட்டிக்கொடுத்துவிடும்.

ஹாப்பர்:
திருகாணி சார், அந்த ஜிங்க் ஸ்டியரேட்டை முதலில் தூக்குங்க. மேலிக் இணைப்பான் உமியோடு சேர்வதை அது கெடுக்கும். 3 கிலோ இணைப்பானுக்குக் கொடுத்த காசு வீண். உலோக ஸ்டியரேட் இல்லாத அமைடு மெழுகு போடுங்க.

அடுத்தது ஈரம். வெளியில் கிடக்கும் உமியில் 10 சதவீதம் ஈரம் சாதாரணம். 50 கிலோவில் 5 கிலோ தண்ணீர்! உருக்கும் இயந்திரத்தின் 180 டிகிரி பீப்பாய்க்குள் அது நீராவியாகிறது. பலகையை அறுத்துப் பாருங்க, நடுவில் ரொட்டி மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். 105 டிகிரியில் உலர்த்தி 2 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்து சூட்டோடு போடணும். ராத்திரி மூட்டையில் வைத்தால் காலையில் திரும்பவும் ஈரம் இழுத்திருக்கும்.

வரப்பு:
அதெல்லாம் ஆலைக்காரன் கவலை. குப்பையில் வருகிற கேன் எல்லாம் எச்டிபிஇ-யா?

ஹாப்பர்:
இல்லை. தண்ணீர்த் தொட்டியில் போட்டால் எச்டிபிஇ-யும் பிபி-யும் (பாலிபுரொப்பிலீன்) மிதக்கும். பிவிசி-யும் பெட் பாட்டிலும் மூழ்கும். செதிலில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் பிவிசி-யும் மிதந்து ஏமாற்றும், அதனால் சோப்புத்தண்ணீர் கலந்து நன்றாகக் கலக்கணும். சந்தேகமா? செம்புக்கம்பியைச் சுடரில் பழுக்கவைத்து, செதிலில் தொட்டு, திரும்பச் சுடரில் காட்டுங்க. பச்சைச் சுடர் வந்தால் குளோரின் இருக்கிறது, பெரும்பாலும் பிவிசி. காற்றோட்டமான இடத்தில் செய்யுங்க. உருக்கும்போது பிவிசி ஹைட்ரஜன் குளோரைடு கக்கி, இயந்திரத்தின் ஸ்க்ரூவை அரிக்கும். பெட் வேறு கதை: அது உருக 250 டிகிரிக்கு மேல் வேணும், அதற்குள் உமி கரியாகிவிடும். உருகாத பெட் கல் மாதிரி பலகைக்குள் நிற்கும், அந்த இடத்தில்தான் விரிசல் தொடங்கும்.

வரப்பு:
சரி, சுத்தமான பலகையே என்று வைத்துக்கொள்வோம். தேக்கின் விறைப்பு 10 ஜிகாபாஸ்கல் அளவு, இதற்கு 2 முதல் 4. வெயிலில் இன்னும் குறையும். தொய்ந்தது தொய்ந்ததுதான், நிமிராது. இதை உத்தரமாகப் போடச் சொல்லும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள்.

திருகாணி:
உத்தரத்துக்குப் போடவே கூடாது, இதில் சண்டையே இல்லை. நடைமேடையிலும் தாங்குகட்டை 400 மி.மீ. இடைவெளிக்குள் இருக்கணும். கட்டையை மிச்சம்பிடித்து 600 ஆக்கினால், காலை வைக்கிற இடத்தில் தொய்வு மூன்று மடங்குக்கு மேல். முனைக்கு முனை 5 மி.மீ. சந்து விடுங்க: 2.4 மீட்டர் பலகை 30 டிகிரி ஏறினால் சுமார் 3 மி.மீ. நீளும். வெறும் எச்டிபிஇ-யாக இருந்தால் 10-ஐத் தாண்டும். அந்த வித்தியாசம் உமி தருவது. உமி சும்மா இடம் அடைக்கிற சரக்கு இல்லை, வரப்பு.

வரப்பு:
அதே உமிதான் தண்ணீரும் குடிக்கிறது. அறுத்த முனையைப் பூசி அடைக்கணும், அதைச் சொல்லவே இல்லையே? ரம்பத்தில் வருகிற தூள் எங்கே போகும்? மரத்தூளானால் குழியில் மக்கும். இது வாய்க்காலுக்கு.

திருகாணி:
முனை பூசணும், விட்டுப்போச்சு. தூளுக்குக் கீழே தார்ப்பாய் விரித்து அள்ளி மூட்டை கட்டணும். எத்தனை பேர் செய்கிறார்கள் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.