தங்கச்சிக்கு ஏ.எல்: மேத்ஸா, டெக்கா? (அட்டன் பக்கம்)

தேயிலைக்கொழுந்து
தங்கச்சிக்கு ஓ.எல் (சாதாரண தரம்) ரிசல்ட்ஸ் வந்துருச்சு, இனி ஏ.எல் (உயர்தரம்). மேத்ஸ் பி, சயன்ஸ் சி. இன்ஜினியரிங் ஆசை. பாடசாலையில மேத்ஸ் பிரிவு இருக்கு, ஆனா பிசிக்ஸுக்கு நிரந்தர ஆசிரியர் இல்ல. கெமிஸ்ட்ரிக்குப் பதிலா ஐ.சி.டி எடுக்கலாமான்னு கேக்குறா. டெக் (தொழில்நுட்பப் பிரிவு) லேசுன்னும் சொல்றாங்க. என்ன செய்யலாம்?

வெட்டுப்புள்ளி
பொறியியல் பீடம்னா இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூணும் கட்டாயம். ஐ.சி.டி எடுத்த அன்னைக்கே அந்த ஆசையை மறந்துட வேண்டியதுதான். டெக் படிச்சாக் கிடைக்கிறது பொறியியல் தொழில்நுட்பப் பட்டம். பேர் ஒண்ணு மாதிரி இருக்கும், பட்டம் வேற. அது மட்டமில்ல, ஆனா தெரிஞ்சு எடுக்கணும். பயோவிலயும் இதே கதைதான்: பௌதிகவியலை விட்டுட்டு விவசாய விஞ்ஞானம் எடுத்தா மருத்துவம் இல்ல.

"லேசான பாடம்" கணக்கு கம்பஸுக்குச் சரிவராது, அங்க எடுக்கிறது இசட் புள்ளியை வச்சுத்தான். இசட் புள்ளிக்கு உங்க புள்ளியில இருந்து அந்தப் பாடத்தோட சராசரியைக் கழிச்சு, நியம விலகலால (புள்ளிகள் சராசரியில இருந்து எவ்வளவு பரந்து கிடக்குங்கிற அளவு) வகுப்பாங்க. ஒரு பேச்சுக்கு, சராசரி 45, விலகல் 15 உள்ள பாடத்துல 60 எடுத்தா இசட் 1.0. சராசரி 62, விலகல் 16 உள்ளதுல 70 எடுத்தாலும் 0.5தான். எல்லாருக்கும் லேசுன்னா உங்களுக்கு லாபமில்ல.

லயத்துப்பக்கம்
பிசிக்ஸ் ஆசிரியர் விஷயத்தைச் சாதாரணமா எடுக்காதீங்க. இரண்டாம் பத்திரத்துல அமைப்புக் கட்டுரை வினா நாலும் பெரும்பாலும் பரிசோதனையை ஒட்டித்தான் வரும். வேர்ணியர் இடுக்கிமானி, திருகுக் கணிச்சி, கோளமானி மாதிரி அளவு கருவிகளைக் கையால தொடாத பிள்ளை அங்கதான் புள்ளியை விடும். ரியூசன்ல தியரி கிடைக்கும், ஆய்வுகூடம் கிடைக்காது. அனுமதிக்கு முன்னாடி அதிபர்கிட்ட ரெண்டு கேள்வி: ஆய்வுகூடம் திறந்து பாவிக்கிறாங்களா, போன வருஷம் பிசிக்ஸ் பாடத்திட்டம் முடிஞ்சதா?

ஓ.எல் மேத்ஸ்ல 'பி'ன்னா முதல் தவணையிலயே தடுமாற்றம் வரும், காரணம் அட்சரகணிதம். வகுப்பு தொடங்குறதுக்குள்ள காரணிப்படுத்தல், சுட்டி, மடக்கை, சமனிலி இதையெல்லாம் தினம் 10 கணக்கு வீதம் செய்ய வைங்க. இணைந்த கணிதத்துல ஒரு பத்திரத்துக்கு ஏ பகுதி 10 வினா, ஒவ்வொண்ணும் 25 புள்ளி. பி பகுதியில 7ல 5, ஒவ்வொண்ணும் 150. ஏ பகுதியிலயே நேரத்தைத் தின்னுட்டு பியில மூணோட நிக்கிறவங்கதான் அதிகம்.

பிசிக்ஸ் பரீட்சைக்குக் கல்குலேட்டர் கிடையாது. இப்பவே அதை எடுத்து ஒளிச்சு வைங்க.

தேயிலைக்கொழுந்து
நன்றி அண்ணா. அப்ப கண்டியில ஒரு பாடசாலைக்கு மாத்தவா?

வெட்டுப்புள்ளி
மாத்தலாம், ஆனா மாவட்டத்தையும் பாருங்க. பொறியியல் மாதிரியானதுக்கு 40% அகில இலங்கைத் திறமை, 55% மாவட்டக் கோட்டா, 5% பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்த 16ல இருக்கு, கண்டி இல்ல. கலைப்பிரிவுக்கு இந்தக் கோட்டா இல்ல, முழுக்கத் திறமைதான். மாவட்டத்தைத் தீர்மானிக்கையில கடைசி வருஷங்கள்ல படிச்ச பாடசாலைகளைப் பார்ப்பாங்க. அதனால மாறுறதுக்கு முன்னாடியே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுக் கைநூல்ல அந்தப் பகுதியை வாசிங்க. பழைய பாடசாலை விடுகைப் பத்திரத்தைத் தொலைச்சிராதீங்க.

லயத்துப்பக்கம்
இன்னொண்ணு. ஏ.எல்லோட எழுதுற பொதுச் சாதாரணப் பரீட்சை (காமன் ஜெனரல் டெஸ்ட்) இசட் புள்ளிக்குச் சேராது, அதனால பலர் அதைக் கவனிக்கிறதேயில்ல. அதுல 30 எடுக்கலன்னா மூணு ஏ இருந்தும் கம்பஸுக்கு விண்ணப்பிக்க முடியாது.