புதுப்பிப்பு: பிக்கப்புக்கு மாற்றிய டயர், காற்று எவ்வளவு?

கம்பெனி டயரைக் கழற்றிவிட்டு, கனமான 10 பிளை (அதிக பாரம் தாங்கும் வகை) டயர் போட்ட பிக்கப்புக்கு எவ்வளவு காற்று வைப்பது என்று கேட்டிருந்தேன் அல்லவா, அதன் தொடர்ச்சி இது.

டயரின் பக்கவாட்டில் 80 பிஎஸ்ஐ என்றிருப்பது முழுப் பாரத்துக்கான அளவு. காலி வண்டிக்கு அதை வைத்தால் கிருஷ்ணகிரியைத் தாண்டுவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். டிரைவர் கதவோரம் காற்றின் அளவு போட்டிருக்கும் ஸ்டிக்கரோ பழைய டயரின் கணக்கு. அதே பாரத்துக்கு இந்த டயர் கூடுதல் காற்று கேட்கும். அதனால் எடைமேடையில் முன், பின் அச்சுகளைத் தனித்தனியாக எடை போட்டு, எவ்வளவு பாரத்துக்கு எவ்வளவு காற்று என்று சொல்லும் டயர் கம்பெனியின் பார அட்டவணையைப் பார்த்து, அதற்குக் குறையாமல் வைத்தேன். மாங்காய் லோடு ஏற்றினால் பின் டயருக்கு ஒரு அளவு, காலி என்றால் வேறு.

சாக்பீஸ் சோதனை சொன்ன அண்ணனுக்கு நன்றி. டயரின் குறுக்கே பட்டையாகக் கோடு போட்டு, சமமான ரோட்டில் நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டினேன். காலி வண்டியில் பின் டயரில் கோட்டின் நடுப்பகுதி மட்டும் அழிந்து, ஓரங்கள் அப்படியே வெள்ளையாக இருந்தன. காற்று அதிகம். கொஞ்சம் குறைத்ததும் சீராக அழிந்தது. ஆனால் அட்டவணை சொல்லும் அளவுக்குக் கீழே இறக்கவில்லை.

அப்புறம், காலையில் வண்டி எடுக்கும் முன்பே அளந்துவிடுங்கள். தொப்பூர் கணவாய் தாண்டி வந்த சூட்டில் கேஜ் ஏற்றித்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.