பெட்ராவுக்கு ஒரு பகல்தான் இருக்கிறது. அல்-கஸ்னேயைப் பார்த்தால் போதுமா?

கயல் கேட்டது:

வணக்கம். மார்ச் கடைசியில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஜோர்டான் போகிறேன். அம்மான், சாக்கடல், அப்புறம் பாறையைக் குடைந்து உண்டாக்கிய பழைய நகரமான பெட்ரா. பெட்ராவுக்கு ஒரு பகல்தான் ஒதுக்க முடிகிறது. எந்தப் படத்தைப் பார்த்தாலும் பாறையில் செதுக்கிய அந்த இளஞ்சிவப்பு மாளிகை, அல்-கஸ்னேதான் வருகிறது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாமா, இல்லை வேறு ஏதாவது கட்டாயம் பார்க்க வேண்டுமா?

அப்பாவுக்கு 70 வயது தாண்டிவிட்டது. மூட்டுவலி இருப்பதால் படி ஏறுவது கஷ்டம். ஆனால் ஆர்வத்துக்குக் குறைவில்லை. "அந்தப் பொட்டல் காட்டில் அத்தனை ஜனம் தண்ணீருக்கு என்ன செய்தது?" என்று இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊர்சுற்றி:

முந்தின நாள் இரவே வாடி மூசாவில் தங்கிவிடுங்கள். அந்த ஊரிலிருந்துதான் பெட்ராவுக்குள் நுழைய வேண்டும். அம்மானிலிருந்து காலையில் கிளம்பினால் மூன்று மணி நேரம் சாலையிலேயே போய்விடும். வாசல் ஆறு மணிக்குத் திறக்கும். அந்த நேரத்தில் கூட்டமே இருக்காது. ஜோர்டானில் மூன்று இரவாவது தங்குவதாக இருந்தால் 'ஜோர்டான் பாஸ்' முன்கூட்டியே வாங்குங்கள். விசாக் கட்டணமும் பெட்ரா நுழைவுச்சீட்டும் அதிலேயே அடங்கிவிடும். மலை மேலே பாறையில் செதுக்கிய 'அத்-தேர்' என்ற கட்டடத்துக்கு 800 படிகளுக்கு மேல் ஏற வேண்டும், அப்பாவுக்கு வேண்டாம்.

நீரோட்டம்:

கயல், உங்கள் அப்பா கேட்டதுதான் சரியான கேள்வி. பெட்ராவுக்குப் போகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அதைக் கேட்காமலேயே திரும்புகிறார்கள்.

எனக்குத் தொழில் குடிநீர்க் குழாய் பதிப்பது. அகபாவில் வேலை பார்த்த காலத்தில் விடுமுறை கிடைத்தால் பெட்ராவுக்குப் போய்விடுவேன், இரண்டு மணி நேரப் பாதைதான். எல்லோரும் கஸ்னேயை நோக்கி வேகமாக நடக்கும்போது நான் சுவரைப் பார்த்துக்கொண்டே நடப்பேன். அதனால் சுவரைப் பற்றியே சொல்கிறேன்.

வாசலிலிருந்து கஸ்னேவுக்குப் போகும் பாறை இடுக்குக்கு 'சிக்' என்று பெயர். ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர் நீளம். சில இடங்களில் இரண்டு பக்கமும் 80 மீட்டர் உயரத்துக்குப் பாறை, நடுவில் மூன்று மீட்டர்தான் வழி. ஆறு அறுத்து உண்டான பள்ளம் போலத் தெரியும். உண்மையில் நிலம் அசைந்து மலை இரண்டாகப் பிளந்த இடம் அது. தண்ணீர் பிறகு வந்து விளிம்புகளை மழுக்கியது.

அங்கே வருஷத்துக்குச் சுமார் 150 மில்லிமீட்டர் மழை. அதுவும் சேர்ந்தாற்போல் கொட்டிவிட்டுப் போய்விடும். ஆக, இந்த ஊரை உண்டாக்கிய பழைய அரபு மக்களான நபாத்தியர்களுக்கு இரண்டு வேலை. குடிக்கிற தண்ணீரை ஊருக்குள் கொண்டுவர வேண்டும், வெள்ளத்தை ஊருக்கு வெளியே அனுப்ப வேண்டும். இரண்டுக்குமான ஏற்பாட்டைச் சிக்கிலேயே பார்க்கலாம்.

முதலில் வெள்ளம். சிக் தொடங்கும் இடத்தில் ஒரு தடுப்பணை இருக்கிறது. வலது கைப்பக்கம் திரும்பினால் மலையைக் குடைந்த சுரங்க வாய் தெரியும், 88 மீட்டர் நீளம். ஓடையில் வரும் வெள்ளத்தை அணை மறித்து அந்தச் சுரங்கத்துக்குள் தள்ளும். தண்ணீர் மலையைச் சுற்றிக்கொண்டு வேறு பள்ளத்தாக்கு வழியாக ஊரின் அந்தப் பக்கம் போய்ச் சேரும், நடைபாதையில் ஏறாது. பிற்காலத்தில் இதைப் பராமரிக்க ஆளில்லாமல் போனது. 1963 ஏப்ரலில் திடீர் வெள்ளம் சிக்குக்குள் புகுந்து 20-க்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு புது அணை கட்டினார்கள். எங்கே? நபாத்தியர் கட்டியிருந்த அதே இடத்தில், அதே ஏற்பாட்டில்.

அடுத்தது குடிநீர். மேலே வாடி மூசாவில் 'ஐன் மூசா' என்ற ஊற்று. அதிலிருந்து சிக் வழியாக ஊர் வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். உள்ளே நடக்கும்போது இடது கைச் சுவரைப் பாருங்கள், பாறையிலேயே வெட்டிய வாய்க்கால் தொடர்ந்து வரும். வலது கைச் சுவரில் சுட்ட மண்குழாய் பதித்த பள்ளம் வரும். ஒரு குழாயின் வாய் அடுத்ததற்குள் செருகுவது போலச் செய்து, ஜாயின்டில் சாந்து வைத்து அடைத்து, பள்ளத்தில் உட்காரவைத்துப் பூசியிருக்கிறார்கள். சில துண்டுகள் இன்னும் அப்படியே சுவரில் இருக்கின்றன. இடையிடையே சின்னத் தொட்டிகள் வெட்டியிருக்கிறார்கள். மண்ணும் மணலும் அதில் படிந்து தெளிந்த தண்ணீர் மட்டும் மேற்கொண்டு போகும். நாங்கள் இன்றைக்கும் இதைத்தான் செய்கிறோம்.

என்னை நிற்கவைத்தது வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. நம் காலுக்குக் கீழே தரை இறங்கிக்கொண்டே போகும், வாய்க்கால் தரையோடு இறங்காமல் தன் வாட்டத்தில் மெதுவாக வரும். வாட்டம் கூடினால் தண்ணீர் பாய்ந்து ஜாயின்ட் பிய்த்துக்கொள்ளும், குறைந்தால் மண் தங்கி அடைத்துக்கொள்ளும். வளைந்து வளைந்து போகிற பாறைச் சுவரில், கையால் உளி பிடித்து இதைக் கொண்டுவந்திருக்கிறார்கள். லேசர் மட்டக் கருவி வைத்துக்கொண்டு நாங்களே தடுமாறும் வேலை. அந்த ஆட்களை நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

பாதி வழிக்கு மேல் இடது பக்கம் ஒட்டக வரிசைச் சிற்பம் ஒன்று இருக்கிறது. மேல்பாதி தேய்ந்துவிட்டது. ஒட்டகத்தின் கால்களும், கூட்டிப் போகும் ஆளின் பாதமும் அங்கி விளிம்பும் மட்டும் தெளிவாகத் தெரியும். அந்த ஒட்டகங்களுக்குப் பின்னால் பாருங்கள், வாய்க்கால் ஓடும். சிற்பத்துக்காக வாய்க்காலையும் நிறுத்தவில்லை, வாய்க்காலுக்காகச் சிற்பத்தையும் விடவில்லை. அப்பாவை அங்கே கொஞ்ச நேரம் நிற்கவிடுங்கள்.

கஸ்னே என்பது மாளிகை இல்லை, கல்லறை. கிட்டத்தட்ட 40 மீட்டர் உயரத்தையும் மேலிருந்து கீழாகச் செதுக்கியிருக்கிறார்கள். இரண்டு ஓரத்திலும் குழிகள் ஏணி மாதிரி மேலே போவது தெரியும். உள்ளே வெறும் அறைதான். உச்சியில் இருக்கும் கல் கும்பத்தில் புதையல் இருப்பதாக நினைத்து பெதூயின்கள் (பாலைவன நாடோடிகள்) சுட்ட தோட்டாத் தழும்புகள் இன்னும் இருக்கின்றன. 2024-ல் அதன் அடியில் 12 எலும்புக்கூடுகளோடு ஒரு புதைகுழி கிடைத்தது.

ஊருக்குள் போனால் இன்னொன்று. சந்தை என்று நினைத்திருந்த ஒரு மேட்டை 1998-ல் தோண்டினார்கள். 43 மீட்டருக்கு 23 மீட்டரில் ஒரு குளம் வந்தது, நடுவில் தீவு மாதிரி ஒரு மண்டபம், பக்கத்தில் தோட்டம். குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரில் நீச்சல் குளம் வைக்கிற அளவுக்கு மிச்சம் இருந்திருக்கிறது! தெற்கு அரேபியாவிலிருந்து சாம்பிராணி ஏற்றி வந்த வணிகர்கள் அதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே அந்த மேட்டில் உட்கார்ந்திருப்பேன்.

செங்கல்:

அருமையாகச் சொன்னீர்கள் அண்ணா. இவ்வளவு தெரிந்தவர்கள் ஏன் ஊரைவிட்டுப் போனார்கள்? தண்ணீர் தீர்ந்துபோனதா?

நீரோட்டம்:

தம்பி, ஒரே நாளில் யாரும் காலி பண்ணவில்லை. கி.பி. 106-ல் ரோமானியர்கள் நாட்டை எடுத்துக்கொண்டார்கள். சரக்குகள் செங்கடல் வழியாகக் கப்பலில் போக ஆரம்பித்ததால் ஒட்டகப் பாதையில் வருமானம் குறைந்தது. 363-ல் வந்த நிலநடுக்கத்தில் ஊரில் பெரும்பகுதி இடிந்தது. அப்படியும் ஜனம் இருந்தது. 1993-ல் அங்கே ஒரு பழைய தேவாலயத்தில் கருகிப்போன பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள்கள் சுமார் 140 கிடைத்தன. ஆறாம் நூற்றாண்டுக் கணக்கு வழக்குகள், சொத்துப் பத்திரங்கள், பாகப்பிரிவினை. ஊர் இல்லாமல் பாகப்பிரிவினை எங்கே? தண்ணீர் தீர்ந்ததாக நான் நினைக்கவில்லை. பணம் குறைந்தால் முதலில் நிற்பது தூர் வாருகிற வேலை. இடிந்ததைச் சரிபண்ண ஆளும் காசும் இல்லையென்றால் எந்தக் குழாயும் நிற்காது.

கயல்:

அண்ணா, ஒட்டகச் சிற்பம் வரை படித்துக் காட்டினேன், அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். மிக்க நன்றி. சிக்கை நடந்தே கடக்க வேண்டும் என்கிறார். அவரால் முடியுமா? அப்புறம், மார்ச்சில் வெள்ள பயம் உண்டா?

நீரோட்டம்:

போகும்போது இறக்கம், தாராளமாக நடக்கலாம். மெதுவாகப் போனால் ஒன்றரை மணி நேரம் ஆகும். திரும்பி வருவதுதான் ஏற்றம். கஸ்னே வரைக்கும் மின்சார வண்டி வருகிறது, திரும்பும்போது அதில் ஏறிக்கொள்ளுங்கள். கஸ்னேயைத் தாண்டினால் பாறையில் வெட்டிய பழைய அரங்கம் வரைக்கும் படி இல்லாத பாதைதான், ஆனால் மணல். நல்ல செருப்பு வேண்டும். அதற்கு மேல் அவர் சொன்னால் மட்டும் போங்கள்.

வெள்ளம் பெரும்பாலும் குளிர்காலத்திலும் அதை ஒட்டிய மாதங்களிலும் வரும். 2018 நவம்பரில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான பயணிகளை அங்கிருந்து வெளியேற்றினார்கள். மார்ச்சிலும் மழை பெய்யலாம். முந்தின நாள் மாலை விடுதியில் வானிலை கேளுங்கள். எச்சரிக்கை இருந்தால் உள்ளே போகவே வேண்டாம்.

அப்பா கல்லைத் தொட்டுப் பார்க்கிறவராக இருந்தால் சிக்கில் மட்டும் கையைக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். மணற்கல், விரல் பட்டாலே உதிரும்.