என்விடிஏ என் தமிழ்க் குறிப்பை ஆங்கில எழுத்துகளாக வாசிக்கிறது: உதவுங்கள்

தலவாக்கலை ஆசிரியை:
என் வகுப்பில் பார்வையற்ற மாணவி ஒருத்தி சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். அவளது மடிகணினியில், திரையில் உள்ள எழுத்தை உரக்க வாசிக்கும் என்விடிஏ திரைவாசிப்பானை நிறுவியிருக்கிறோம். தமிழ்ச் செய்தித் தளங்களைத் தெளிவாக வாசிக்கிறது. நான் வேர்டில் தட்டச்சு செய்த வரலாற்றுக் குறிப்பில் மட்டும், "தமிழ்" என்ற சொல்லுக்கு "ஜே கே பி ஓ" என்கிறது. எழுத்துருவை லதாவுக்கு மாற்றினேன். திரையிலும் ஆங்கில எழுத்துகளே வந்துவிட்டன. மொத்தம் 80 பக்கங்கள். இப்போது அவளுடைய அக்காதான், கொழுந்து பறித்துவிட்டு வந்த களைப்போடு, இரவில் வாசித்துக் காட்டுகிறாள்.

பதுளை அச்சக ஊழியர்:
டீச்சர், நீங்கள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறீர்கள். அந்தக் கோப்பில் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகள். பாமினி அவற்றுக்குத் தமிழ் உருவம் மட்டும் கொடுக்கிறது. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கிலம். எழுத்துருவை மாற்றிப் பயனில்லை, எழுத்தையே யுனிகோடாக, அதாவது கணினியும் தமிழென்று அறியும் பொதுக் குறியீடாக, மாற்ற வேண்டும். "பாமினி யுனிகோட் மாற்றி" என்று தேடுங்கள், இலவசமாகவே கிடைக்கும். ஆங்கிலச் சொற்களை முதலில் தனியே எடுத்துவையுங்கள். அவையும் பொருளற்ற தமிழாகிவிடும்.

தலவாக்கலை ஆசிரியை:
வாசிக்கிறது! மிக்க நன்றி. ஆனால் "கண்டிஇ மாத்தளைஇ பதுளை" என்று எங்கும் ஓர் "இ" ஒட்டிக்கொண்டு வருகிறது.

பதுளை அச்சக ஊழியர்:
பாமினியில் காற்புள்ளி விசைதான் "இ". நீங்கள் காற்புள்ளியை வேறு எழுத்துருவில் போட்டிருப்பீர்கள். மாற்றிக்கு அந்த வேறுபாடு தெரியாது. எல்லா "இ"யையும் மாற்றிவிடாதீர்கள், "இலங்கை"யும் போய்விடும். சொல்லின் இறுதியில் ஒட்டி, அடுத்து இடைவெளி வரும் "இ"யை மட்டும் மாற்றுங்கள். "1815இல்" போன்றவை தப்பிவிடும்.

ஹட்டன் வாசகர்:
நானும் பார்வையற்றவன், என்விடிஏ பயன்படுத்துபவன். எழுத்து சரியானாலும் 80 பக்கங்களில் ஒரு பாடத்தைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. தடித்த எழுத்து எங்களுக்குத் தலைப்பாகாது. வேர்டில் உள்ள "தலைப்பு 1", "தலைப்பு 2" பாணிகளையே கொடுங்கள். என்விடிஏ விசையுடன் இடைவெளி விசையை அழுத்தி உலாவு முறைக்கு மாறினால், ஹெச் விசையால் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம். வரைபடங்களுக்கு மாற்று உரை, அதாவது திரைவாசிப்பான் படத்துக்குப் பதிலாக வாசிக்கும் விளக்கம், எழுதுங்கள். "இலங்கை வரைபடம்" என்பது போதாது. எந்த ஊர் எந்தத் திசையில், எந்த ஆறு எங்கே என்று சொல்லுங்கள். தயவுசெய்து பக்கங்களைப் படம் பிடித்துப் பிடிஎஃப் ஆக்கி அனுப்பாதீர்கள். அதில் எங்களுக்கு ஒரு சொல்லும் கிடைக்காது.

தலவாக்கலை ஆசிரியை:
இதுவரை தலைப்புகளைத் தடித்த எழுத்தில்தான் போட்டிருந்தேன். இன்றிரவே மாற்றுகிறேன். மாற்று உரைகளை அவளுக்கு வாசித்துக் காட்டி, புரியாததை மறுபடி எழுதுகிறேன்.